பெயில் என்றொரு சொல்லும் சேலியமேட்டு வாய்க்காலும்

தம்பிகளே, கோர்ட்டில் பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷி வேலைக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்து நிற்கிறீர்கள். பாகூருக்கு இரண்டு பேர், வில்லியனூருக்கு ஒருவர். பிரெஞ்சும் இங்கிலீஷும் படித்த பிள்ளைகள், சட்டை மடிப்பு இன்னும் கலையவில்லை. என்னிடம் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்கிறீர்கள். என்னிடமிருந்த வார்த்தைகளையெல்லாம் ஊரார் வழக்குக்குச் செலவழித்துத் தீர்த்துவிட்டேன். இப்போது வீட்டில்கூட அதிகம் பேசுவதில்லை. என் மனைவி அதை ஒரு குறையாகச் சொல்வதுமில்லை.

எங்கே நிற்பது, யாரைப் பார்த்துப் பேசுவது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். தானாக வராதது ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஒரு சின்ன இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தச் சொல் பெயில்.

பரீட்சையில் பையன்கள் ஆவார்களே, அந்தப் பெயில் இல்லை. அது வேறு எழுத்து, வேறு துக்கம். நான் சொல்வது கோர்ட்டில் கேட்கிற பெயில்.

எனக்குச் சொல் பொறுக்குகிற பைத்தியம் உண்டு. புதுச்சேரியில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் அட்டை போன ஓர் இங்கிலீஷ் அகராதியும், கரையான் தின்றது போக மிஞ்சிய ஒரு பிரெஞ்சு அகராதியும் வாங்கி வைத்திருந்தேன். வழக்கு கூப்பிடும்வரை மரத்தடியில் உட்கார்ந்து அவற்றைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அய்யாவுக்கு அகராதி ஜாஸ்தி என்று குமாஸ்தாக்கள் கிண்டல் செய்வார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள், ஆனால் கிண்டலாக இல்லை.

கோர்ட்டில் பெயில் என்றால் ஜாமீன். அந்த ஜாமீனும் நவாபு காலத்தில் வந்து நம் ஊரில் தங்கிவிட்ட சொல்தான். அதற்கு முன்னால் நம்மவர்கள் பிணை என்றார்கள். படகில் ஏறிய தண்ணீரை மொண்டு வெளியே கொட்டுவதற்கும் இங்கிலீஷில் அதே பெயில். கிரிக்கெட் ஆடும்போது நட்ட மூன்று குச்சிகளின் தலையில் சின்னக் கட்டை வைப்பார்களே, அதுவும் பெயில். வாளியின் வளைந்த கைப்பிடியும் பெயில். நாலு பிள்ளைகளுக்கு ஒரே பெயர், முகஜாடையோ துளியும் ஒட்டவில்லை.

விசாரித்தால் கைப்பிடி வடகடல் நாட்டாரிடமிருந்து வந்தது. கிரிக்கெட் கட்டை, வேலியடைப்பைச் சொல்லும் பழைய பிரெஞ்சுச் சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். அகராதி எழுதியவருக்கே அதில் நிச்சயமில்லை. ஜாமீனும் தண்ணீர் இறைப்பதும் மட்டும் பங்காளிகள். லத்தீனில் சுமை தூக்குகிறவனுக்கு ஒரு பெயர் இருந்ததாம். பொருளைச் சுமந்துபோய்ப் பத்திரமாக ஒப்படைக்கிறவன் என்ற வழியில் அது ஜாமீன் ஆயிற்று. தண்ணீர் சுமக்கிற வாளி என்ற வழியில் அது இறைப்பு ஆயிற்று. இரண்டும் பிரெஞ்சு வீட்டில் இருந்துவிட்டு இங்கிலீஷ் வீட்டுக்குப் போனவை. பிரெஞ்சில் இன்றைக்கும் அதே எழுத்துகள் உண்டு, வாசிப்பது ‘பாய்’, பொருள் குத்தகை. படுக்கிற பாய் இல்லை, படுக்க விடாத பாய். சந்தேகம் இருந்தால் எந்தக் குத்தகைக்காரனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் அகராதியில் இருந்தது. ஒருவனுக்காக இன்னொருவன் ஏன் சுமக்க ஒப்புகிறான் என்பது மட்டும் அதில் இல்லை. அதைச் சேலியமேட்டில்தான் பார்த்தேன். இப்போது முடிந்த உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்திய கோடை அது.

நம் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை நேராகப் போட்டுவிட்டான் என்று எந்த சர்வேயர்மீதும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ், அதையடுத்த தோப்பு மறுபடியும் பிரெஞ்சு. மாட்டுக்கு அது தெரியாது, போலீஸ்காரனுக்குத் தெரியும்.

சேலியமேட்டுக்கு வெளியே பாகூர் ஏரித் தண்ணீர் வந்து முடிகிற கடைமடை வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் இந்தக் கரை பிரெஞ்சு, எதிர்க்கரை இங்கிலீஷ். கோடையில் அதில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஊரும், வயல்களோ மேட்டில் இருக்கும். இறைகூடை போட்டால்தான் தண்ணீர் ஏறும். கூடைக்கு இரண்டு பக்கமும் கயிறு. இந்தக் கரையில் ஒருவனும் அந்தக் கரையில் ஒருவனுமாக எதிரெதிரே நின்று, ஒரே மூச்சில் குனிந்து மொண்டு, ஒரே மூச்சில் நிமிர்ந்து வீச வேண்டும். வீசிய தண்ணீர் வாய்க்கால் முடிகிற மேட்டில் ஒரு மண்தொட்டியில் விழும். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மடை, அந்தப் பக்கம் ஒரு மடை. எதைத் திறக்கிறார்களோ அந்த வயலுக்குத் தண்ணீர் போகும்.

இந்தக் கரையில் நின்றவன் ஏகாம்பரம், சேலியமேட்டுக்காரன். எதிர்க்கரையில் நின்றவன் மாசிலாமணி, அக்கரை ஊர்க்காரன். இரண்டு பேருக்கும் உறவு கிடையாது, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனதில்லை. ஆனால் மீசை முளைத்ததிலிருந்து ஒரே கூடையை ஆட்டியவர்கள். இறைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கை பழகாத ஆளோடு கூடை பிடித்தால் பாதித் தண்ணீர் வாய்க்காலிலேயே விழும், இடுப்பும் போய்விடும். அதனால் அவர்கள் ஜோடி மாற்றிக்கொண்டதே இல்லை.

அந்தக் கோடையில் தண்ணீர் ரொம்பக் குறைச்சல். இரண்டு பேர் வயலிலும் நெல் பால் பிடிக்கிற சமயம். அப்போது காய்ந்தால் கதிர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அத்தனையும் பதர். எந்த மடையை முதலில் திறப்பது என்று வாய்ப்பேச்சு வந்தது, வாய்ப்பேச்சில் செத்துப்போன அப்பன்மார் வந்தார்கள், ஏகாம்பரம் அந்தக் குறுகிய வாய்க்காலுக்கு மேலே எட்டி மண்வெட்டிக் காம்பால் மாசிலாமணி மண்டையில் ஒன்று போட்டுவிட்டான். மாசிலாமணி எதிர்க்கரையிலேயே சாய்ந்தான்.

ஏகாம்பரம் அங்கேயே நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். அவன் நின்றது பிரெஞ்சுக் கரை, இங்கிலீஷ் போலீஸ் அங்கே கால் வைக்க முடியாது. அவன் வாய்க்காலைத் தாண்டிக் குதித்து, அடிபட்டவனையே தோளில் தூக்கித் தன் வண்டியில் போட்டு, கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனான். மாசிலாமணியின் ஊரார் பின்னாலேயே வந்து புகார் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸார் ஏகாம்பரத்தைப் பிடித்துக் கொட்டடியில் வைத்தார்கள்.

அங்கேதான் நான் வருகிறேன். கடலூரில் அப்போது இருந்த மாஜிஸ்திரேட் சீமையிலிருந்து புதிதாக வந்த துரை, தமிழ் தெரியாது. அந்தக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளருக்கு அம்மை போட்டிருந்தது. கைதியோ பிரெஞ்சுப் பிரஜை, அவன் நிலப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. மூன்று பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று நான் வேலை பார்த்த பாகூர்க் கோர்ட்டிலிருந்து என்னை இரவல் வாங்கினார்கள். இரவல் சாமான் கேள்வி கேட்குமா? பையில் அகராதியைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஏகாம்பரத்துக்கு அந்த வாரமே பெயில் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பயிர் போய்விடும். துரைக்கு இருந்த சங்கடமும் நியாயமானதுதான். இவனை விட்டால் வாய்க்காலைத் தாண்டிவிடுவான், தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது. பிரெஞ்சு சர்க்கார் தன் பிரஜையை அடுத்த வீட்டுக்காரன் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிடாது. அதனால் இங்கிலீஷ் எல்லையில் நிலம் உள்ள ஒருவன் ஜாமீன் நிற்க வேண்டும், அதற்கும் முன்னால் கைதியின் வாய்மொழியில் தனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றார். ஏகாம்பரத்தின் மனைவி அஞ்சலை, கையில் காலில் விழுந்து ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஜாமீனுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. நிலம் உள்ளவர்களெல்லாம் மாசிலாமணியின் ஊர்க்காரர்கள்.

இந்த இடத்தில் நம் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெழுகுவது என்று ஒரு வழக்கம் நம்மிடம் உண்டு. கூண்டில் நிற்கிறவன் கரடுமுரடாக ஒன்றைச் சொல்வான். துபாஷி இரக்கப்பட்டு, மண்தரையைச் சாணம் போட்டு மெழுகுவதுபோல அதை வழவழவென்று ஆக்கி அந்தப் பக்கம் கொடுப்பார். நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் செய்ததுதான். நான் செய்வதில்லை. யோக்கியன் என்பதால் என்று நினைக்க வேண்டாம், சோம்பேறித்தனம்தான் காரணம். ஒருதரம் மெழுகினால் எங்கே மெழுகினோம் என்று வழக்கு முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் பேசினதைச் சுமப்பதே பெரும்பாடு, அவன் பேசாததையும் யார் சுமப்பது?

துரை கேட்டார், விட்டால் வாய்தா அன்று திரும்பி வருவாயா என்று. நான் தமிழில் கேட்டேன். ஏகாம்பரம் தலையைச் சொறிந்தான். நெஞ்சு அகன்ற, கழுத்துக் குட்டையான மனிதன், யோசிக்கும்போது மூக்கு விடைக்கும்.

“தண்ணி எறச்சி, நெல்லு முத்தி, அறுத்து முடிச்சாதான் வருவன். அதுக்கு முன்னாடி எந்த தொர கூப்ட்டாலும் வரமாட்டன்” என்றான்.

பக்கத்தில் நின்ற வக்கீல் தமிழ் அறிந்தவர். “வருவேன் என்கிறான் என்று மட்டும் சொல்லும் ஐயா, பொய்யில்லையே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். பொய்யில்லைதான். அஞ்சலை வாசற்படியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யோசிக்க நேரமில்லாதபோதுதான் இப்படிப்பட்ட கேள்விகள் வருகின்றன. நான் முழுவதையும் சொன்னேன், எந்தத் துரை கூப்பிட்டாலும் என்பது உட்பட.

துரையின் காது சிவந்தது. நம்பிக்கைக்கு இடமில்லை, ஜாமீனுக்கு ஆளும் இல்லை, மனுவை அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் அஞ்சலை என்னை மறித்துக்கொண்டாள். கூச்சல் போடவில்லை. “ஒரு வாத்தைய முழுங்கியிருந்தா ஒங்க வயிறு இன்னா வெடிச்சா பூடும் அய்யா?” என்று கேட்டாள். இத்தனை பாஷை தெரிந்தும் அவளுக்குச் சொல்ல ஒரு பாஷை கிடைக்கவில்லை. புங்கமரத்தடிக்குப் போய் அகராதியைத் திறந்தேன், ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. மனசு அவ்வளவு கசந்திருந்தது.

எதிரே ஒரு ஆள் வந்து குந்தினான். தலையில் கட்டு, கட்டில் ரத்தம் காய்ந்த கறை. மாசிலாமணி. சாட்சி சொல்ல ஊரார் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கூட்டி வந்திருந்தார்கள், கூடவே அவன் பெரியப்பா காவலுக்கு.

“உள்ள அவன் இன்னா சொன்னான்? அப்புடியே சொல்லுங்க” என்றான்.

சொன்னேன். துரைக்கே சொன்னதை இவனுக்கு மறைப்பானேன்? மாசிலாமணி கேட்டுவிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டு இருந்தான். பிறகு மெதுவாகப் பேசினான்.

“அப்ப நெசமாவே வருவான். வரன்னு மட்டும் சொல்லியிருந்தான்னா நானே நம்பியிருக்கமாட்டன். கொட்டடிலருந்து வெளிய வரணும்னா எவனும் அதத்தான சொல்லுவான்?”

அவன் எழுந்து, தான் ஜாமீன் நிற்கப் போவதாகச் சொன்னபோது பெரியப்பா ஆடிப்போனார். மண்டையை உடைத்தவனுக்கு அடிபட்டவனே பிணை நின்றான் என்று உலகத்தில் எங்காவது உண்டா, ஊர் மானம் என்ன ஆவது என்று ஒரு மூச்சு கத்தினார்.

“ஊரு மானம் வந்து என் நெல்லுக்குத் தண்ணி எறைக்குமா பெரிப்பா?” என்று கேட்டான் மாசிலாமணி. “அவன் உள்ள கெடந்தா என் கூடையும்தான் சும்மா கெடக்குது.”

பெரியப்பாவும் விவசாயிதான், கதிர் இருக்கிற நிலை அவருக்கும் தெரியும்.

சாப்பிட்டு வந்த துரை, அடிபட்டவனே பிணை நிற்கிறான் என்றதும் நான் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்து மறுபடி கேட்கச் சொன்னார். மாசிலாமணி இந்தத் தடவை விளக்கமாகவே பேசினான். இவன் ஒரு முரட்டுக் கழுதை, இவன் அப்பனும் அப்படித்தான், தண்ணீர் விஷயத்தில் சுத்த அல்பன், ஆனால் சொன்னால் சொன்னபடி செய்வான், ஓடிப்போனால் என் வாய்க்கால் கரை நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளட்டும் என்றான். நான் கழுதையையும் விடவில்லை, அப்பனையும் விடவில்லை. அப்படியே சொன்னானா என்று துரை என்னைப் பார்த்துக் கேட்டார். அப்படியே என்றேன். அவர் சற்று நேரம் ஏகாம்பரத்தையும் தலைக்கட்டுக்காரனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெயில் கொடுத்து, அறுப்புக்குப் பிந்திய ஒரு நாளுக்கு வாய்தா போட்டார்.

அதன்பிறகு வேலையாக அந்த வழியே போனபோது அவர்கள் இறைப்பதைப் பார்த்தேன். சாதாரணமாக இறைப்பவர்கள் பாட்டுப் பாடுவார்கள், கூடைக் கணக்கும் பாட்டிலேயே ஓடும். இவர்கள் பாடவில்லை, பேசவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை. ஆனால் கூடை பிசகாமல் ஏறி இறங்கியது. மாசிலாமணியின் தலைக்கட்டு அழுக்கேறியிருந்தது. முதலில் எந்த மடை திறந்திருந்தது என்று பார்க்க எனக்கு ஆசை. அசிங்கமாகப் பட்டதால் பார்க்காமல் நடந்தேன். இரண்டு பேருக்கும் நெல் முத்தியது, இரண்டு கரையிலும் அறுப்பு நடந்தது.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்ல கதையாக இருக்கும், எனக்கும் சிரமம் மிச்சம்.

வாய்தாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மாசிலாமணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். மறுநாள் சூரியன் சாய்வதற்குள் போய்விட்டான். மண்டைக்குள் பழைய அடியின் ரத்தம் மெல்லக் கசிந்து தங்கியிருந்தது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. அடிதடி வழக்கு அன்றைக்கே உயிர்ச்சேத வழக்கு ஆகிவிட்டது.

சேலியமேட்டில் எல்லாரும் ஏகாம்பரத்துக்கு ஒன்றைத்தான் சொன்னார்கள், வாய்க்காலைத் தாண்டாதே. தாண்டாவிட்டால் ஒரு போலீஸும் அவனைத் தொட முடியாது. அவன் பிடிவாதமாக இருந்தான். நான் போகாவிட்டால் ஜாமீனுக்கு வைத்த நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்றான். அதற்கு மேல் யாராலும் அவனை அசைக்க முடியவில்லை.

அஞ்சலை என்னைத் தேடிப் பாகூருக்கு வந்தாள். அந்த நிலத்தை உண்மையாகவே எடுப்பார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டாள். நான் கடலூருக்குப் போய்ச் சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டேன். ஜாமீன் நின்றவன் இடையில் செத்துப்போனால் பிணை அவனோடு தீர்ந்துவிடும், அவன் சொத்தைத் தொட முடியாது என்றார்கள். மாசிலாமணி வீட்டு நிலத்துக்கு ஆபத்தில்லை, ஏகாம்பரம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“நான் சொன்னா பொய்யின்னுவாரு. ஒங்க வாயால வந்து சொல்லுங்க அய்யா. அன்னிக்கி மறைக்காம சொன்னீங்களே, அதே மாதிரி இன்னிக்கும் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் நம்புவாரு” என்றாள்.

தம்பிகளே, அந்தப் பாதையில் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன், அன்றுபோல என் கால் லேசாக இருந்ததில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி ஒருத்தியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவன், அதே உள்ளதைச் சொல்லி அவள் புருஷனைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தேன். நம் தொழிலுக்கும் ஒரு தர்மம் உண்டு, அது தாமதமாக வந்தாலும் வரும் என்றெல்லாம் எனக்குள் பிரசங்கம் ஓடியது. படித்தவனுக்கு நடக்கும்போது இப்படித்தான் ஏதாவது தோன்றும்.

ஏகாம்பரம் வயலில் வரப்பு கழித்துக்கொண்டிருந்தான். அறுத்த தாள் காய்ந்து கிடந்தது. அஞ்சலை சற்றுத் தள்ளி வரப்பில் உட்கார்ந்தாள். நான் சட்டத்தைச் சுருக்காமல் நீட்டாமல் சொன்னேன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். நான் முடித்ததும் ஒருதரம் திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

“அப்ப அவன் நெலத்த எடுக்கமாட்டாங்க?”

மாட்டார்கள் என்றேன்.

“நான் போவாட்டி யாருக்கும் ஒரு கொறையும் இல்ல?”

இல்லை என்றேன்.

“என்ன இப்ப யாரும் புடிச்சி வச்சிருக்கல?”

யாரும் பிடித்து வைக்கவில்லை ஏகாம்பரம், உனக்குப் பிணை நின்றவனே போய்விட்டான், அதனால் நீ போக வேண்டியதே இல்லை என்று அழுத்திச் சொன்னேன். எனக்கே என் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

அவன் எதிர்க்கரையைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மூக்கு விடைத்தது.

“அப்ப நானாத்தான் போவணும்” என்றான்.

அவன் சொன்னது எனக்கு உடனே பிடிபடவில்லை. அஞ்சலைக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பிலிருந்து எழாமலே இருந்தாள். இந்தத் தடவை என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். திரும்பி நடந்தபோது என் வேலைமீது எனக்கு வந்த வெறுப்பு, பென்ஷன் வாங்குகிற இன்றுவரை முழுசாகப் போகவில்லை. மறைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனைத் தடுத்திருக்கலாமா என்று எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். நிலத்தை எடுப்பார்கள் என்றாலும் போயிருப்பான், எடுக்கமாட்டார்கள் என்றாலும் போனான். சொல்லால் அவனை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ள முடியாது. சொல் விற்றுப் பிழைத்தவனுக்கு இது கசப்பான பாடம், உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும். தானாக வராதது ஒன்று உண்டு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். உங்கள் வாய் வழியாகப் போகிற வார்த்தை யாரைக் காப்பாற்றும், யாரைக் கவிழ்க்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைக்கிற அன்று மெழுகத் தொடங்கிவிடுவீர்கள்.

வாய்தா அன்று அதே துரை, அதே அறை. கோர்ட்டு மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு தேறியிருந்தாலும், பழைய ஆளே பேசட்டும் என்று என்னையே நிறுத்தினார்கள். ஏகாம்பரம் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. பெயரைக் கூப்பிட்ட சேவகன் வழக்கத்துக்காகக் கூப்பிட்டானே தவிர, பதில் வந்ததும் அவனே திரும்பிப் பார்த்தான். துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஏகாம்பரம் கூண்டில் ஏறினான். அவனோடு போலீஸ்காரன் இல்லை, ஊர்க்காரன் இல்லை, அஞ்சலையும் இல்லை. மாசிலாமணியின் பெரியப்பா மூலையில் நின்றிருந்தார், அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீல் இன்னொருமுறை என் பக்கம் சாய்ந்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமலே நிமிர்ந்துகொண்டார். அடித்தாயா என்று கேட்டார் துரை. அடிச்சன், என் கையாலதான் அடிச்சன் என்றான். சொன்னேன். பிறகு பெரிய கோர்ட்டில் தண்டனை ஆயிற்று. தானாக வந்தவன் என்பதற்காகக் குறைத்துப் போட்டார்கள் என்று வக்கீல் சொன்னார். குறைத்த பிறகும் அது வருஷக் கணக்குதான். அஞ்சலை அத்தனை வருஷமும் நடந்துபோய் அவனைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பினாள்.

அந்த வாய்தா நாளில், அவனை அழைத்துப் போகுமுன் துரை பேனாவை வைத்துவிட்டார். உனக்குப் பிணை நின்றவன் உயிரோடு இல்லை, உன்னைக் கட்டாயப்படுத்த இங்கே ஒருவரும் இல்லை என்பது தெரியுமா என்று கேட்கச் சொன்னார். தெரியும் என்றான். அப்படியானால் உன்னை இங்கே கூட்டி வந்தது யார் என்றார்.

“யாரும் கூட்டியாரல. நான்தான் வந்தன்.”

அதை இங்கிலீஷில் ஆக்க ஒரு அகராதியும் வேண்டியதில்லை, பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான். நான் வாயைத் திறந்தேன். வந்தது ஒரு செருமல்தான். காதில் விழவில்லை, மறுபடி சொல்லும் என்றார் துரை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மறுபடி சொன்னேன்.